பறவை பார்க்கும் பிள்ளைக்கு என்ன படிப்பு, என்ன வேலை?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பறவைகள் என்றால் உயிர். இதையே படிப்பாகவும் வேலையாகவும் எடுத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் இப்போதிருந்து என்ன செய்ய வேண்டும்?

முடியும். ஆனால் பறவை மேல் இருக்கும் ஆசை தானாக வேலையாக மாறாது. வேலையாக மாறுவது ஆசையால் வளரும் ஒரு பழக்கம்: பார்த்ததை அன்றே, எண்ணிக்கையோடு, நேரத்தோடு, இடத்தோடு எழுதி வைக்கிற பழக்கம். பறவை பார்க்கப் பிடிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். பத்தாண்டுக் குறிப்பேடு கையில் இருக்கும் இருபத்து மூன்று வயதுக்காரர்கள் மிகக் குறைவு. அந்தச் சிலருக்குத்தான் முதல் வேலை எளிதாகக் கிடைக்கிறது.

இந்தியாவில் எல்லோரும் சொல்லும் உதாரணம் சலீம் அலி. சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்ததைக் கண்டு, அது என்ன குருவி என்று கேட்க மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கிருந்த மில்லார்ட் அதன் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டிப் படிக்கப் புத்தகமும் கொடுத்தார். இந்தக் கதை இதோடு முடிந்துவிட்டது போலத்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பெற்றோர் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த பகுதி. முறையான பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. பிறகு ஜெர்மனிக்குப் போய் பறவையியலாளர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் கற்றார். திரும்பி வந்தும் வேலை இல்லை. 1930-ல் அலிபாக் அருகே கிஹிம் கிராமத்தில் தங்கி, தூக்கணாங்குருவி கூடு கட்டுவதை நாள்தோறும் கவனித்து எழுதிய கட்டுரைதான் அறிவியல் உலகில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆசை, பட்டம், பொறுமையான பதிவு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த வாழ்க்கை.

இப்போது உங்கள் மகளுக்கு. முதலில் பைனாகுலர். 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பார்க்கும் பரப்பும் குறுகும், மரத்துக்குள் தாவும் சிட்டைப் பிடிக்கவே முடியாது. மெலிந்த கை என்றால் 8x32 போதும், எடை குறைவு. ஜூம் வசதி உள்ள பைனாகுலரைத் தொடாதீர்கள், படம் மங்கலாகவே இருக்கும். வாங்கிய அன்றே ஒரு வேலை செய்ய வேண்டும். தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை, வலப்பக்கக் குழலை மூடிக்கொண்டு, இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்கண்ணால் பார்த்து, வலது கண்வைப்பில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளையத்தின் நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். இதைச் செய்யாததால்தான் பல பிள்ளைகள் தலைவலிக்கிறது என்று பைனாகுலரை மூலையில் போடுகிறார்கள். கண்ணாடி அணிபவர் என்றால் கண்வைப்பின் ரப்பரை உள்ளே தள்ளிவிட வேண்டும். மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும்.

கேமராவைச் சில ஆண்டுகள் தள்ளிப் போடச் சொல்வேன். கேமரா வந்தவுடன் பார்வை நல்ல படம் கிடைக்கும் பறவையின் பின்னால் போய்விடுகிறது. காக்கையும் மைனாவும் தவிட்டுக்குருவியும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. ஆய்வுக்கோ அவைதான் முக்கியம்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டியவை: தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் பார்த்தார்கள், வானிலை, பிறகு ஒவ்வொரு இனமும் எத்தனை. 'நிறைய' என்று எழுதக் கூடாது, எண் எழுத வேண்டும். பெரிய கூட்டத்தை எண்ணும் முறை இது. முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே அளவுக் கட்டங்களாகக் கூட்டத்தின் குறுக்கே நகர வேண்டும். ஏரியில் நீலச்சிறகி வாத்துகள் நானூறு இருந்தால், பழகாதவர்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தால் சில மாதங்களில் கண் பழகிவிடும். அடையாளம் தெரியாத பறவைக்குப் பெயரை ஊகித்து எழுதாமல், தெரிந்ததை மட்டும் எழுதப் பழக்குங்கள்: அலகின் நீளம், கால் நிறம், கண் பக்கத்தில் கோடு உண்டா, வாலை ஆட்டியதா, தரையிலா கிளையிலா. குளிர்காலத்தில் வரும் கதிர்க்குருவிகளைத் தோற்றத்தை விடக் குரலை வைத்தே நம்பிப் பிரிக்க முடியும். மடையான் இனப்பெருக்கக் காலத்தில் நிறம் மாறி வேறு பறவை போலத் தெரியும். செம்பருந்தின் இளம் பறவை பழுப்பாக இருப்பதால் கரும்பருந்து என்று எழுதிவிடுவார்கள், வாலைப் பார்த்தால் தெரியும்: கரும்பருந்துக்கு வால் நுனி பிளந்திருக்கும், செம்பருந்துக்கு வட்டமாக இருக்கும்.

இந்தக் குறிப்பை ஈபேர்ட் செயலியில் ஏற்றுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய தளம் இது. இந்தியாவில் பேர்ட் கவுண்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு இதை ஒருங்கிணைக்கிறது. ஏற்றும்போது 'முழுமையான பட்டியலா' என்று ஒரு கேள்வி வரும். அடையாளம் தெரிந்த எல்லா இனத்தையும் எழுதியிருந்தால் மட்டும் ஆம் என்று சொல்ல வேண்டும். காரணம் இதுதான்: முழுப் பட்டியலில் ஓர் இனம் இல்லை என்றால், தேடியும் தென்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அரிய பறவையை மட்டும் எழுதிய பட்டியலில் அப்படிச் சொல்ல முடியாது. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ஏற்றிய 3 கோடிக்கும் மேலான பதிவுகள்தான் அதற்கு அடிப்படை. 178 இனங்களுக்கு அவசரக் கவனம் தேவை என்று அது சொன்னது. வீட்டு மாடியிலிருந்து எழுதிய 15 நிமிடப் பட்டியலும் அந்தக் கோடிகளில் ஒன்றாகச் சேரும்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. வீட்டுக்குப் பக்கத்து ஏரியோ கண்மாயோ, வாரம் ஒரு முறை, ஒரே பாதை, காலை ஒரே நேரம். இரண்டு ஆண்டு இப்படிச் செய்த பிள்ளைக்கு வலசைப் பறவை எந்த வாரம் வருகிறது, தண்ணீர் வற்றும்போது யார் முதலில் போகிறார்கள், கரையில் வேலிக்காத்தானை வெட்டியதும் எது காணாமல் போகிறது என்பது தெரியும். கேள்வி பிறப்பது அங்கேதான். ஐம்பது ஊருக்குப் போய் இன எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிற போட்டியில் அது பிறப்பதில்லை.

கூடு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கூட்டுக்கு அருகில் போவது, படத்துக்காக இலையை விலக்குவது, குரலை ஒலிபரப்பிப் பறவையை வெளியே வரவைப்பது எதுவும் கூடாது. இலை விலகினால் வெயிலும் காக்கையும் குஞ்சைக் கொன்றுவிடும். தரையில் இறகு முளைத்த குஞ்சு கிடந்தால் பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகி நின்றால் போதும், தாய்ப்பறவை வரும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. வீட்டுக்கு எடுத்து வந்து வளர்ப்பது குஞ்சுக்கும் நல்லதல்ல, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் கூட. கூண்டில் இருக்கும் நம்மூர்ப் பச்சைக்கிளிக்கும் அதே சட்டம்தான்.

அடுத்து, தனியாகப் பார்ப்பதிலிருந்து மற்றவர்களோடு சேர்ந்து பார்ப்பதற்கு வர வேண்டும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலக அளவிலான கணக்கெடுப்பு, ஜனவரியிலேயே ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. தமிழ்நாடு வனத்துறையும் ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு நடத்தித் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. சென்னையில் 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கம் இருக்கிறது. தென்மாவட்டம் என்றால், ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறது. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று 'அது ஏன் இது இல்லை' என்று சொல்லும் ஒரு காலைப் பொழுது ஒரு மாதப் படிப்புக்குச் சமம்.

பள்ளிப் படிப்பில் ஒரு முடிவுதான் கடினம்: பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப். உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப்பை எடுக்கச் சொல்வேன். உயிரியல் இல்லாவிட்டால் கால்நடை மருத்துவம் அடைபடும். கணிதத்தை விட்டுவிட்டால் பின்னால் புள்ளியியல் வரும்போது தடுமாற நேரும். இன்றைய பறவை ஆய்வில் பாதி நேரம் கணினி முன்னால்தான் போகிறது என்பதைப் பிள்ளைகளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இளநிலையில் விலங்கியல், தாவரவியல், வனவியல், கால்நடை மருத்துவம் எதுவும் சரி. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் நான்காண்டு வனவியல் பட்டம் இருக்கிறது. முதுநிலையில்தான் வனவிலங்குத் துறைக்குள் நேராக நுழைகிறோம். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும், உதகை அரசுக் கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் முதுநிலைப் படிப்பு உண்டு, செலவும் தாங்கக்கூடியது. டேராடூனில் 1982-ல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் முதுநிலையும், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வனவிலங்கு உயிரியல் முதுநிலையும் கடும் போட்டி உள்ளவை, இடங்களும் கொஞ்சம். விண்ணப்ப ஆண்டை இணையதளத்தில் முன்பே பார்த்துத் திட்டமிட வேண்டும், பட்டம் முடித்த ஆண்டில் சேர்க்கை இல்லாமல் போகலாம். கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையம் இப்போது டேராடூன் நிறுவனத்தின் தென்னிந்தியப் பிரிவு. விடுமுறைப் பயிற்சிக்கு எழுதிக் கேட்க வேண்டிய முதல் முகவரி அது.

பட்டத்தோடு கையில் இருக்க வேண்டிய திறமைகள் வேறு. ஆர் என்ற கணினி மொழியில் தரவைப் பிரித்துப் பார்க்கவும், கியூஜிஐஎஸ்ஸில் வரைபடம் போடவும் தெரிய வேண்டும், இரண்டும் இலவச மென்பொருள்கள். களத்தில் புள்ளிக் கணக்கெடுப்பு செய்யத் தெரிய வேண்டும். 200 மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் புள்ளிகள், விடிந்த மூன்று மணி நேரத்துக்குள், போய் நின்று ஓரிரு நிமிடம் அமைதி, பிறகு 5 அல்லது 10 நிமிட எண்ணிக்கை, ஒவ்வொரு பறவைக்கும் தூர மதிப்பீடு. இதில் பிழை வரும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான். சாலை ஓரத்திலேயே புள்ளி வைப்பார்கள், காட்டுக்குள் இருக்கும் பறவை கணக்கில் வராது. ஒரு நாள் ஏழு மணிக்கும் மறுநாள் பத்து மணிக்கும் போவார்கள், பறவை குறைந்ததா வெயில் ஏறியதா என்று பிரிக்க முடியாது. வயலில் முப்பது, சோலைக்காட்டில் எட்டு என்று நேராக ஒப்பிடுவார்கள். அடர்ந்த காட்டில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் தெரிபவை, அந்த வேறுபாட்டைக் கணக்கில் திருத்தத்தான் தூர மதிப்பீடு எடுக்கிறோம். பறவையை வலை கட்டிப் பிடித்து, அடையாளத்துக்காகக் காலில் வளையம் மாட்டுவதற்கு அரசு அனுமதியும் பயிற்சியும் கட்டாயம். கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் அதை நீண்ட காலமாகச் செய்து வருகிறது.

இப்போது வேலை. பெற்றோர் முதலில் நினைப்பது வனத்துறை. இந்திய வனப்பணித் தேர்வை விலங்கியல், தாவரவியல், கணிதம், புள்ளியியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களும், வேளாண்மை, வனவியல், பொறியியல், கால்நடை மருத்துவம் படித்தவர்களும் எழுதலாம். பி.காம். மட்டும் படித்தவர் எழுத முடியாது. வனச்சரகர், உதவி வனப்பாதுகாவலர் போன்ற மாநிலப் பணிகளும் உண்டு. ஆனால் வன அதிகாரியின் நாள் பெரும்பாலும் யானை, தீ, ஆக்கிரமிப்பு வழக்கு, நிதி என்று போகும். பறவைகளுக்கு அவர் செய்யக்கூடிய நன்மை பெரிது, ராம்சர் எனப்படும் உலக ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்த ஈரநிலங்கள் தமிழ்நாட்டில் இருபது இருக்கின்றன, அவற்றைக் காக்கும் அதிகாரம் அவர் கையில். ஆனாலும் பறவை பார்ப்பதற்கான வேலை என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கால்நடை மருத்துவத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோன காரணத்தை 2004-ல் கண்டறிந்து வெளியிட்டது, பாகிஸ்தானில் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்த கால்நடை நோயியலாளர் ஓக்ஸ் தலைமையிலான குழு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற பாறுவின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. 2006-ல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தியதால் 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைக்க வேண்டியிருந்தது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன. அங்கே பாறுகளைக் காப்பது என்றால் சுற்றுக் கிராமங்களின் மருந்துக்கடைகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் மெலாக்சிகாம் போன்ற பாதுகாப்பான மருந்தைப் பேசி நிலைநிறுத்துவதுதான். பைனாகுலரை விட மாட்டு வைத்தியம் தெரிந்தவர் அங்கே அதிகம் தேவைப்படுகிறார்.

மக்களோடு பழகும் திறமை இல்லாமல் இந்தத் துறையில் எதுவும் நிலைக்காது என்பதற்கு அசாமின் பூர்ணிமா தேவி பர்மனைப் பாருங்கள். பிரம்மபுத்திராக் கரையில் பாட்டியோடு வளர்ந்து பறவைகளை அறிந்தவர். 2007-ல் ஹர்கிலா எனப்படும் பெருநாரையைப் பற்றி முனைவர் ஆய்வு தொடங்கினார். கூடு இருந்த மரங்கள் தனியார் வீட்டுக் கொல்லையில். அழுகிய இறைச்சித் துண்டும் எச்சமும் விழுந்து நாறியதால் உரிமையாளர்கள் மரத்தை வெட்டினார்கள். குஞ்சுகளோடு ஒரு மரம் வெட்டப்பட்டதைப் பார்த்தவர் ஆய்வேட்டை ஒத்திவைத்துக் கிராமத்துப் பெண்களிடம் போனார். கூடு கட்டும் பருவத்தில் ஹர்கிலாவுக்கு வளைகாப்பு, தறியில் ஹர்கிலா உருவம், மரத்தடியில் விழும் குஞ்சைத் தாங்க வலை என்று வேலை வளர்ந்தது. 2010-ல் 28 ஆக இருந்த கூடுகள் பின்னர் 200-ஐத் தாண்டின. முனைவர் பட்டத்தை 2019-ல்தான் முடித்தார். நம்மூரில் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரில் போய்ப் பேசக் கற்றுக்கொள்வதும் படிப்பில் சேரும்.

இவை தவிர, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களில் பறவைக் கணக்கெடுப்பாளர்களுக்கு வேலை உண்டு. காற்றாலை, சாலை, துறைமுகம் என்று திட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஊதியமும் பரவாயில்லை. இங்கேதான் நேர்மைக்குச் சோதனை. வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான் இருக்கும். ஜூன் மாதத்தில் மட்டும் கணக்கெடுத்து 'முக்கியப் பறவைகள் இல்லை' என்று எழுதச் சொன்னால், அறிக்கையில் பருவத்தைக் குறிப்பிட்டு, குளிர்காலக் கணக்கெடுப்பு தேவை என்று எழுதும் துணிவு வேண்டும். அந்த ஒரு வரிதான் பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்தில் எடுத்துக் காட்டப்படும்.

பணம் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். முதுநிலை முடித்ததும் கிடைப்பது பெரும்பாலும் திட்ட உதவியாளர் வேலை, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம். நெட் தேர்வில் தேறி ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். தொண்டு நிறுவனங்களில் இதைவிடக் குறையும். இரு திட்டங்களுக்கு நடுவே சில மாதம் வருமானம் இல்லாமல் போகும், அதைத் தாங்க ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு கட்டாயம். நிதி நல்கைக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் இந்த இடைவெளியில் தடுமாறுவதில்லை, ஆகவே இளநிலையிலேயே ஒரு பக்கத்தில் கேள்வி, முறை, செலவு, பயன் நான்கையும் எழுதிப் பழக வேண்டும். தமிழில் நன்றாக எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஊராட்சிக் கூட்டத்தில் வாசிக்க வேண்டிய அறிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் வைத்துக்கொண்டு போகும் ஆய்வாளர்கள் இன்னும் அதிகம்.

பெண்பிள்ளை காட்டில் தனியாக எப்படி என்று பயப்படுவது நியாயம். முறையாக நடக்கும் திட்டத்தில் யாரும் தனியாகப் போவதில்லை. உள்ளூர்க் களப்பணியாளர் ஒருவர் கூட வருவார், கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும் முகாமில் பதிவாகும். பயிற்சிக்கு அனுப்பும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்: தங்குமிடம் எது, கூட யார் வருவார், பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், பாம்புக்கடி முறிமருந்து அங்கே இருக்கிறதா, புகார் சொல்ல உள்குழு உண்டா. தெளிவாகப் பதில் சொல்லாத இடத்துக்கு அனுப்பாதீர்கள், அது எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்தாலும்.

ஒன்பதாம் வகுப்புக்கு இப்போதைக்கு ஒரு 8x42, ஒரு நோட்டு, பக்கத்து ஏரி, ஞாயிறு காலை ஆறரை மணி போதும். பத்தாம் வகுப்புத் தேர்வு மாதங்களில் வெளியே போக முடியாவிட்டால், மாடியிலிருந்து 15 நிமிடப் பட்டியலையாவது விடாமல் எழுதட்டும்.